‘கட்’ சொன்ன பிறகு

ஒரு நடிகையிடம், “அந்த அழுகையைப் படத்தில் வைக்கமாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு வைத்தேன். தீபாவளி அன்று அவர் தன் அம்மாவோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கப்போகிறார் என்று தெரிந்தேதான் வைத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நேரம் இல்லை, வேறு ஷாட் இல்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. இரண்டுமே இருந்தன.

சனிக்கிழமைகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மாடி அறையில் நான் எடுக்கும் வகுப்புக்கு வரும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு நடிக்க ஆசை. சிலர் கழுத்தில் கேமராவோடு வருகிறீர்கள். மற்றவர்கள் மடிக்கணினியைத் திறந்து என்னைவிட வேகமாக வெட்டி ஒட்டுகிறீர்கள். “அங்கிள், ஏதாவது டிப்ஸ் சொல்லுங்க” என்று எல்லாரும் கேட்கிறீர்கள். எந்தக் கேமரா வாங்குவது, எந்த மென்பொருள் நல்லது என்பதில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நெருக்கடியில் எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதில் பாதியை நன்றாகச் செய்து கற்றேன். மீதியைக் கற்ற விதம்தான் மேலே இருக்கிறது. அதன் விவரம் பின்னால் வரும்.

முதலில் போட்டோ.

எடிட்டர் ஆவதற்கு முன் நான் கல்யாண போட்டோகிராபர். கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் கல்யாணம். கெட்டிமேளம் என்றதும் மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து எனக்கும் மணமேடைக்கும் நடுவில் நின்றுவிட்டார். அகலமான மனிதர், பூப்போட்ட பத்தேக் சட்டை. நான் இடதுபக்கம் நகர்ந்தால் அவரும் இடதுபக்கம் சாய்ந்தார். சட்டென்று கேமராவைத் திருப்பினேன். பெண்ணின் அம்மா கைக்குள் அட்சதையை இறுக்கிப் பிடித்தபடி, தூவ மறந்து நின்றுகொண்டிருந்தார். எடுத்தேன். நான் எடுத்த படங்களில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மாப்பிள்ளை பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணே, தாலி கட்டுற போட்டோ எங்க?”

“அது மறைச்சிருச்சு தம்பி. அதே நேரத்துல எடுத்தது இது. இதைப் பாருங்க, எவ்வளவு உணர்ச்சி!”

“இது என் மாமியார்ண்ணே. நான் இவங்களுக்குத் தாலி கட்டல.”

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். மணப்பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஆல்பத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தேடினார்.

“சித்தப்பா, கொஞ்சம் உட்காருங்க” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்தைக் கலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு வாயைத் திறக்கச் சோம்பல் வந்துவிடும். போட்டோகிராபருக்கு லென்ஸுக்கு முன்னால் வாய் வேண்டும். சடங்கு தொடங்குமுன் முதல் வரிசையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எழுந்து நிற்கப்போகிறவர் யார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். அவரிடமே போய், “அங்கிள், தாலி கட்டுறப்ப முன்னால யாரும் எந்திரிக்காம நீங்கதான் பாத்துக்கணும்” என்று பொறுப்பைக் கொடுங்கள். அப்புறம் அவர் எழுந்திருக்கமாட்டார். மற்றவர்களையும் எழவிடமாட்டார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் நான் தாலியைத் தவறவிட்டதில்லை.

நடிக்க வருகிறவர்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கதை சொல்கிறேன்.

ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் வாழை இலைச் சாப்பாட்டுக் காட்சி. புதுமுக நடிகர் ஒருவர் ஒத்திகையிலேயே பிசைந்து பிசைந்து அடித்தார். “இயற்கையா சாப்பிடுறாரு லா” என்று எல்லாரும் மெச்சினார்கள். தூரத்தில் ஒரு ஷாட், பக்கத்தில் ஒரு ஷாட், எதிரே இருப்பவரின் தோளுக்கு மேலிருந்து ஒன்று, திரும்பவும் ஒன்று. மதியத்துக்குமேல் ரசம் வாளியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவாவது அவர் வயிற்றோடு போயிற்று. என் வயிற்றெரிச்சல் எடிட்டிங் அறையில் ஆரம்பித்தது. ஒரு ஷாட்டில் ‘அம்மா’ என்ற சொல்லுக்கு அப்பளத்தை நொறுக்கியிருந்தார். அடுத்ததில் அதே சொல்லுக்கு அப்பளம் முழுசாக இலையில் கிடந்தது. இரண்டையும் சேர்த்தால் நொறுங்கிய அப்பளம் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். அவர் மிக நன்றாகப் பேசியிருந்த வசனத்தை அந்த அப்பளத்துக்காகவே தூக்கிப்போட்டேன்.

ஆகவே, கைக்கு ஒரு சின்ன வேலை வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு சொல்லோடு கட்டிவிடுங்கள். எத்தனை முறை எடுத்தாலும் அதே சொல்லுக்கு அதே கை. குறைவாகச் சாப்பிடுங்கள், நிறையப் பிசையுங்கள். இப்படி நடிப்பவரை எந்த எடிட்டரும் கைவிடமாட்டார்.

இன்னொன்றும் நடிகர்களுக்குச் சொல்லிவந்தேன். ‘கட்’ கேட்டதும் முகத்தைச் சுளிக்காதீர்கள், சிரித்துவிடாதீர்கள், கொஞ்சநேரம் அதே முகத்தில் இருங்கள், எடிட்டருக்கு அந்தக் கடைசித் துளி வேண்டும் என்று. இதை இன்றைக்குத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணம் இனி வருகிறது.

எடிட்டிங்கில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது கேட்பவர் முகம். பேசுகிறவரைவிடக் கேட்கிறவரைக் காட்டுவது என் பழக்கம். அப்பா மகனைத் திட்டினால் நான் மகனைக் காட்டுவேன். ஒருமுறை, மறுநாளே ஒளிபரப்புக்குக் கொடுக்கவேண்டிய நாடகத்தில் முக்கிய வசனத்தின் ஒலி கெட்டுப்போயிருந்தது. நடிகர் வெளியூர் போய்விட்டார். நான் அந்த வசனத்தையே எடுத்துவிட்டு, அதைக் கேட்ட மனைவியின் முகத்தை மட்டும் விட்டேன். பார்த்தவர்கள் வசனம் இல்லாததைக் கவனிக்கவே இல்லை. அதன் பிறகு தயாரிப்பாளர்கள் என்னைத் தேடி வந்தார்கள். “அண்ணன்கிட்ட கொடு, முகத்த கண்டுபிடிச்சிடுவாரு” என்பார்கள்.

முகங்களைக் கண்டுபிடிக்க எனக்கு நிறைய முகங்கள் வேண்டியிருந்தன. அதனால் நான் வேலை செய்யும் படங்களில் ஒளிப்பதிவாளரிடம் ஒரு வழக்கத்தை உண்டாக்கினேன். இயக்குநர் ‘கட்’ சொன்னாலும் உடனே கேமராவை நிறுத்தாதீர்கள், கொஞ்சம் ஓடவிடுங்கள். அந்த மிச்சத்துக்கு நாங்கள் ‘வால்’ என்று பெயர் வைத்தோம். வாலில் அருமையான சரக்குக் கிடைக்கும். நடிப்பு முடிந்துவிட்டது என்று நினைக்கிற முகத்தில் வரும் ஓய்வு, ஒரு பெருமூச்சு, ஒரு பார்வை. அதை வேறு இடத்தில் பொருத்தினால் பொன்.

இதே காலத்தில் இன்னொரு வழக்கமும் என்னிடம் இருந்தது. அது ஷா ஆலமில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மலாய்க்காரருடையது. படத்தில் யாருடைய பகுதியாவது முழுவதும் வெட்டப்பட்டால், ஒளிபரப்புக்கு முன் எடிட்டரே அவருக்குப் போன் செய்து சொல்லவேண்டும். பெருநாள் அன்று அவர் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டி டிவி முன் உட்காரவைத்துவிட்டு ஏமாறக்கூடாது. “வெட்டினது உன் கை. சொல்லவேண்டியதும் உன் வாய்” என்று மலாயில் சொல்வார். நான் முதன்முதலில் போன் செய்தது பஸ் டிரைவராக நடித்த ஒருவருக்கு. டெங்கில் பக்கம் வீடு. கம்பம், அதாவது கிராமம், முழுக்கச் சொல்லிவைத்திருந்தாராம். “முழுசாவா, அண்ணே?” என்று கேட்டார். அப்புறம், “பரவால்ல அண்ணே. நல்லவேளை சொன்னீங்க, ஆட்டுக்கறி வாங்கப் போயிருப்பேன்” என்றார். அன்றிலிருந்து நான் வெட்டிய ஒருவருக்கும் போன் செய்யாமல் விட்டதில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

இந்த இரண்டு வழக்கங்களும் மோதிய இடம்தான் புனிதா.

புனிதா கிள்ளானில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு வாரக்கடைசிகளில் நடித்தவர். தீபாவளிக்கான தொலைக்காட்சிப் படம் ஒன்றில் மகள் வேடம். அப்பா இறந்த வீட்டுக் காட்சி. கிள்ளானில் ஒரு வரிசை வீட்டை எடுத்து, வாசலில் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பரப்பியிருந்தார்கள். அன்று நானும் படப்பிடிப்புக்குப் போயிருந்தேன்.

காட்சியில் மகள் கதறி அழவேண்டும் என்று எழுதியிருந்தது. புனிதா அழவில்லை. கேட் அருகே குவிந்துகிடந்த செருப்புகளை ஒன்றொன்றாக எடுத்து ஜோடி சேர்த்து வைத்தார். வருகிறவர்களுக்கு வழிவிட்டு மறுபடியும் குனிந்தார். நான் மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுசாக இருந்தது. இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. திரும்ப எடுத்தார். திரும்பவும் செருப்பு. மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது. ‘கட்’ என்று கத்தினார்.

“என்னம்மா இது? சொந்த அப்பா செத்தாலும் இப்படித்தான் செருப்பு அடுக்கிக்கிட்டு நிப்பியா?”

புனிதாவின் அப்பா அந்த வருஷத் தொடக்கத்தில்தான் இறந்திருந்தார். அது இயக்குநருக்குத் தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது. புனிதா கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். வலதுகை இடது மணிக்கட்டைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. அப்படியே கார் நிறுத்தும் இடத்தில், செருப்புகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உடம்பு குலுங்க அழுதார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வால்.

சில நாள் கழித்து அலுவலக உடுப்பிலேயே என் எடிட்டிங் அறைக்கு வந்தார்.

“அண்ணே, அன்னிக்கு கட் சொன்னதுக்கு அப்புறம் கேமரா ஓடுச்சா?”

“ஓடுச்சும்மா.”

“அத போட்டுடாதீங்க. அது நடிப்பு இல்ல.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அப்பா எறந்தப்ப நான் செருப்புதான் அடுக்கினேன். ஒரு சொட்டு அழல. அம்மா தெனமும் என் தோள்ல சாஞ்சுதான் அழுவாங்க. ‘நீ கல்லாட்டம் இருக்கிறதாலதான்டி நான் நிக்கிறேன்’னு சொல்லுவாங்க. அந்த மணிக்கட்டுல அப்பாவோட வாட்ச கட்டியிருப்பேன். ஷூட்டிங்குக்காக கழட்டினேன். அம்மா பாத்தா கண்டுபிடிச்சிடுவாங்கண்ணே.”

“போடமாட்டேன்மா. கவலைப்படாம போ.”

“சரிண்ணே” என்று சிரித்துவிட்டுப் போனார். நம்பிவிட்டார்.

நானும் நம்பித்தான் சொன்னேன். செருப்பு ஷாட்டை வைத்துக் காட்சியைக் கட்டினேன். நன்றாகவே இருந்தது. அப்புறம், சும்மா ஒருதரம் பார்க்கலாமே என்று வாலை இழுத்துப் போட்டேன். இங்கேதான் நீங்கள் உஷாராக இருக்கவேண்டும். ‘சும்மா ஒருதரம் பார்ப்பது’ என்று எடிட்டிங்கில் எதுவும் கிடையாது. கண் பார்த்ததைக் கை விடாது. இயக்குநரின் குரலை எடுத்துவிட்டு, சாவு வீட்டுத் தப்பு மேளச் சத்தத்தை ஏற்றினேன். மணிக்கட்டைத் தடவுகிற கையிலிருந்து தொடங்கினேன். இயக்குநர் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். தான் என்ன சொன்னதால் அது வந்தது என்பதே அவருக்கு நினைவில்லை. “பாத்தீங்களா, கடைசில அழுதுட்டா” என்றார்.

என்னிடம் நானே சொல்லிக்கொண்ட காரணங்களையும் எழுதிவிடுகிறேன். நாளை உங்களுக்கும் இவை தோன்றும். இது அந்தப் பெண்ணுக்கே நல்லது, பெயர் வாங்குவாள். பார்க்கிறவர்களுக்கு அது நடிப்பு என்றுதான் தெரியும். கலைக்கு முன்னால் ஒருவருடைய கூச்சம் பெரிதா? எல்லாமே படித்தவன் சொல்லும் காரணங்கள். அந்தப் படத்தில் ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் பகுதி வெட்டுப்பட்டிருந்தது. வழக்கப்படி அவருக்குப் போன் செய்து சொன்னேன். போனை வைத்தபோது புனிதாவின் நினைவு வந்தது. அவருக்குச் செய்யவில்லை. செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

தீபாவளிக்குப் பிறகு எங்கே போனாலும் அந்த அழுகையைப் பற்றித்தான் பேச்சு. புனிதாவிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அடுத்தடுத்துத் தேடிவந்த வேடங்களை மறுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அலுவலக வேலை அதிகம் போல என்று மற்றவர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

நான் ஓய்வுபெற்ற பிறகு, அந்தப் படத்தைத் தயாரித்த நிறுவனம் பழைய படங்களை இணையத்தில் ஏற்றுவதற்காகச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. முதலாளியின் மகன் என்னைக் கூப்பிட்டார். ஷா ஆலம் கிடங்கில் பழைய டேப்புகள் கிடைத்தன. நான் முதலில் தேடியது செருப்பு ஷாட்டை. அழுகையை எடுத்துவிட்டு அதை வைத்தேன்.

“அண்ணே, அந்த அழுக ஷாட் காணோமே?”

“எடுத்துட்டேன் தம்பி.”

“அதுக்காகத்தானே லா ஜனங்க பாக்கும்!”

“அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லியும் போட்டது அது.”

“எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப யாரு வந்து கேக்கப்போறா?”

“அப்பவும் யாரும் கேக்கமாட்டாங்கனுதான் போட்டேன். இது இல்லாம போடுறதுன்னா போடுங்க. இல்லைனா என் பேர எடுத்துடுங்க.”

“சரி, ஒங்க இஷ்டம். படம் சப்புனு இருக்கும். அப்புறம் என்னைச் சொல்லாதீங்க.”

சப்பென்றுதான் இருந்தது என்று சிலர் எழுதினார்கள். அதற்குள் யாரோ பழைய ஒளிபரப்பிலிருந்து அந்த அழுகையை மட்டும் வெட்டியெடுத்து, சோகப் பாட்டு ஒன்றைப் போட்டு, கைப்பேசிகளில் சுற்றவிட்டிருந்தார்கள். அது இன்றைக்கும் சுற்றுகிறது. நான் திருத்திய படத்தைவிட அதைப் பார்த்தவர்கள் அதிகம். ஒருமுறை வெளியே போன முகத்தைத் திரும்பக் கூப்பிட முடியாது.

புனிதாவுக்குப் போன் செய்தேன். வரலாமா என்று கேட்டேன்.

“வாங்க. ஆனா வீட்டுக்கு வேணாம். அம்மா இருக்காங்க.”

அவர் அலுவலகத்துக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. தலையில் நரை கண்டிருந்தது. இடது மணிக்கட்டில் பெரிய ஆண்கள் வாட்ச். நான் செய்தது, திருத்தியது எல்லாவற்றையும் சொன்னேன். பாலில்லாத டீயான தே ஓவை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“புதுசு நான் பாக்கலண்ணே. பழசு மட்டும் போன்ல வந்துகிட்டே இருக்கு. போன மாசம் ஆபீஸ் குரூப்லயே ஒருத்தி போட்டா. ‘அக்கா, இது நீங்கதானே, என்னா நடிப்பு’ன்னு.”

“நான் செஞ்சது தப்பும்மா.”

“வெட்டினவங்களுக்கெல்லாம் நீங்களே போன் பண்ணுவீங்களாமே. பக்கத்து வீட்டுக்காரரா நடிச்ச அங்கிள் சொன்னாரு. எனக்கு ஏன் பண்ணல?”

“பண்ணியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பே.”

“ஆமா, சொல்லியிருப்பேன். அப்படியும் நீங்க போட்டிருந்தா, டிவிய நிப்பாட்டிட்டு அம்மாவ கோயிலுக்கு கூட்டிட்டுப் போயிருப்பேன். அவ்வளவுதானே லா? ஒரு போன்.”

ஆறிய தே ஓவை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

“அம்மா டிவிய பாத்துக்கிட்டே, ‘வாட்ச தேடுறியேடி’ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் என் முன்னால அழறத விட்டுட்டாங்க. பாத்ரூமுக்குப் போயி பைப்ப தொறந்து விட்டுட்டு அழுவாங்க. நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். ரெண்டு பேரும் கல்லாட்டம் இருந்தோம்ணே, இத்தன வருஷமும்.”

மன்னிக்கவேண்டும் என்று கேட்டேன்.

“மன்னிச்சிட்டேன்னு சொன்னா ஒங்களுக்கு முடிஞ்சிரும். எனக்கு என்ன முடியும்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குக் கேட்பதுபோலக் கேட்டார். கோப்பையை நகர்த்தி வைத்தார். “கிளாஸ் எடுக்குறீங்களாமே. பிள்ளைங்ககிட்ட இத சொல்லுவீங்களா?”

“சொன்னதில்ல.”

“சொல்லுங்க.”

அடுத்த சனிக்கிழமை சொன்னேன். உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள். ஆனால் அன்று வாக்குக் கொடுத்த இடத்தை விழுங்கிவிட்டேன். ஏதோ கைதவறிப் போட்டதுபோல நீங்கள் நினைத்துக்கொண்டு போனீர்கள். அதனால்தான் இப்போது எழுத்தில் வைக்கிறேன்.

அன்று கேட்டவர்களில் வாணியும் ஒருவர். செமினியிலிருந்து வருகிறவர். அம்மாவும் மகளும் வருகிற குறும்படம் ஒன்று எழுதி வைத்திருந்தார். மகள் வேடத்துக்குப் புனிதாவைக் கேட்கலாமா என்றார். நீயே கேள் என்று போன் எண்ணைக் கொடுத்தேன். புனிதா ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டாராம். அதை என்னிடம் சொல்ல வாணி மிகவும் தயங்கினார்.

“அங்கிள், நீங்க எடிட் பண்ணக்கூடாதாம். எடிட் பண்ற ரூமுக்குள்ளயே வரக்கூடாதாம்.”

வரவில்லை. வாணி உள்ளே வெட்டிக்கொண்டிருந்தபோது நான் மாடிப்படிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது.

“அங்கிள், ஒரு ஷாட்! கட் சொன்னதுக்கு அப்புறம் கிடைச்சது. அக்கா கிரில் கதவுல தலைய சாச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவ்வளவு களைப்பு அந்த மூஞ்சில. படமே அதுலதான் இருக்கு. வந்து பாருங்க.”

கேமராவை ஓடவிடும் வழக்கத்தை வாணியின் ஒளிப்பதிவாளருக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். எழுந்தேன். உண்மையைச் சொல்கிறேன், கால் தானாக உள்ளே போகப் பார்த்தது.

“நான் பாக்கக் கூடாதும்மா. அவங்களுக்கு போன் பண்ணு.”

“வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?”

“சொன்னா சொன்னதுதான்.”

“சும்மா போட்டு ஒருதரம் பாத்துட்டு அப்புறம் கேக்கலாமே, அங்கிள்?”

“இப்ப பண்ணு. என் முன்னால பண்ணு.”

புனிதா வேலை முடிந்து கிள்ளானிலிருந்து ரயில் பிடித்து வந்தார். என்னைக் கடந்து உள்ளே போனார். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு கேட்டது.

“நல்லாதான் இருக்கேன், இல்ல?”

“செமையா இருக்கீங்க, அக்கா!”

“ஆனா வேணாம்மா. படம் போடுறப்ப அம்மாவ கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். நான் இவ்வளவு களைச்சுப் போயிருக்கேன்னு அவங்களுக்குத் தெரிய வேணாம்.”

வாணி வெளியே எட்டி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை நான் சொன்னால் புனிதா இன்னொருமுறை யோசிப்பார் என்று அந்தப் பார்வை சொன்னது. நான் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தை இதே மாடி அறையில்தான் போட்டோம். செருப்புகளை வாசலில் கழற்றிவிட்டு வந்து எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். புனிதாவின் அம்மா முன்வரிசையில். நான் கடைசியில், கதவோரம் நின்றேன். அந்த இடம் வந்தது. வாணி அங்கே வேறு ஷாட் வைத்திருந்தார். காட்சி கொஞ்சம் தொய்ந்தது. வாழ்நாள் முழுக்க வெட்டியவனுக்கு அது தெரியாமல் போகுமா? வேறு யாருக்கும் தெரியவில்லை. அம்மா இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கைப் போட்டதும் எழுந்தார். “முடிஞ்சிருச்சா? நல்லா இருந்துச்சு. நீதான் கொஞ்சம் பூசினாப்போல தெரியுற. வா, ரயில் போயிரப்போவுது.”

வாசலில் செருப்புகள் குவிந்துகிடந்தன. புனிதா குனிந்து அம்மாவுடையதைத் தேடி எடுத்து, ஜோடியாக அவர் காலருகே வைத்தார். நிமிரும்போது என்னைப் பார்த்தார்.

“போன் பண்ணச் சொன்னது நீங்கதானாம். வாணி சொன்னா.”

“ஆமாம்மா.”

“ம்” என்றார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.